நிரல் எழுத எந்த உரைத்திருத்தி? – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

கணிப்பொறி பயிலும் மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் மிகுதியான நேரத்தை எந்த மென்பொருளோடு கழிக்கிறார் என்று கேட்டால், கம்பைலரோடு என்றே பலரும் விடை கூறுவர். உண்மை அதுவன்று. கம்பைலர் தன் வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. மற்ற நேரமெல்லாம் எடிட்டர் என்று நாம் வழங்கும் உரைத்திருத்தியோடுதான் கழிகிறது. எழுதுவது, எழுதியதைப் படிப்பது, பிழையுள்ள வரியைத் தேடுவது, திருத்துவது, திருத்தியது தவறானால் பழையதை மீட்பது ஆகிய அனைத்தும் அதனுள்ளேயே நிகழ்கின்றன. இருந்தும் நம் பாடத்திட்டத்தில் அதற்கென ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நிறைவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதமும் விண்ணப்பமும் தட்டும் சொற்செயலி வேறு. நிரல் எழுதும் உரைத்திருத்தி வேறு. சொற்செயலி எழுத்தோடு அதன் வடிவம், அளவு, ஓரம் முதலியவற்றையும் சேர்த்தே கோப்பில் பதிக்கும். உரைத்திருத்தியோ வெறும் எழுத்துகளை மட்டுமே பதிக்கும். கம்பைலருக்கு வேண்டுவதும் அதுவே.

விடுதியில் இப்பொருள் பற்றிய வழக்காடல் ஓய்வதே இல்லை. ஒருவர் தாம் கற்ற திருத்தியே உயர்ந்தது என்பார். மற்றொருவர் அதில் எதுவும் ஓடவில்லை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகவே அது முடியும். எனவே இவ்வாண்டு விம், ஈமாக்ஸ், வி.எஸ். கோட் என்னும் மூன்றையும் மாதத்திற்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, என் ஆய்வகப் பயிற்சிகள் அனைத்தையும் அவற்றிலேயே செய்து பார்த்தேன். வி.எஸ். கோட் எனக்கு முன்பே பழக்கமானது. மற்ற இரண்டும் புதியவை. படிப்போர் இதையும் மனத்தில் கொண்டே என் முடிவுகளை எடைபோட வேண்டும்.

பிறந்த இடமும் பெற்ற குணமும்

ஒரு திருத்தியின் இயல்பு நமக்கு விந்தையாகத் தோன்றினால், அது பிறந்த காலத்து எந்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் 1969-இல் யூனிக்ஸுக்காக எழுதிய ‘எட்’ என்னும் திருத்திக்குத் திரையே கிடையாது. நொடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதத்தில் அச்சிடும் தொலைத்தட்டச்சுப் பொறியே அதன் வாயும் காதும். அதனால்தான் தவறான கட்டளை இட்டால் அது ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிட்டு நின்றுவிடும். அங்கே மௌனமே சிக்கனம்.

பின்னர்த் திரையுள்ள முனையங்கள் வந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் 1970-களின் பிற்பகுதியில் வி.ஐ. என்னும் திருத்தியை உருவாக்கினார். அவர் தொலைபேசி வழியே பயன்படுத்திய இணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளையே கடத்தும். 24 வரி, 80 எழுத்து கொண்ட திரையில் 1,920 எழுத்துகள் உள்ளன. திரை முழுவதையும் புதிதாக வரைய ஒரு நிமிடத்திற்கு மேலாகும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. ஆகவே கட்டளைகள் ஓரெழுத்தாயின. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகள் கர்சரை நகர்த்துவதும் காரணமின்றி அன்று. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தன. இவ்வழியில் வந்ததே விம். நெதர்லாந்து நாட்டவரான பிராம் மோலெனார் 1991-இல் அதை வெளியிட்டு, 2023-இல் தாம் மறையும் வரை பேணி வந்தார். இன்று தன்னார்வலர் குழு ஒன்று அப்பணியைத் தொடர்கிறது.

ஈமாக்ஸ் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1976-இல் தோன்றியது. டெக்கோ என்னும் பழைய திருத்திக்கு அங்குள்ளோர் எழுதிக் குவித்திருந்த மேக்ரோக்களின் தொகுப்பாகவே அது தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸே இன்று நாம் பயன்படுத்துவது. இதன் மையப்பகுதி சி மொழியிலும், பெரும்பகுதி லிஸ்ப் மொழியிலும் அமைந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் செயல்களை நாம் மாற்றி எழுதலாம். பயிர் விளையும் நிலத்திலேயே ஏரையும் செய்துகொள்வது போன்ற வசதி இது.

வி.எஸ். கோட் இளையது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை 2015-இல் அறிவித்தது. குரோமியம் என்னும் இணைய உலாவியின் உள்ளுறுப்புகளைச் சுமந்துகொண்டு ஓடும் எலக்ட்ரான் என்னும் கட்டமைப்பின் மேல் அது அமைந்துள்ளது. அழகிய தோற்றமும், மிகுந்த நினைவகத் தேவையும் ஒருங்கே வந்தது அதனால்தான். இங்கு ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். 1980-களில் ஈமாக்ஸ் எட்டு மெகாபைட் நினைவகத்தைத் தின்கிறது என்று கேலி பேசினர். இன்று நம் ஆய்வகத்தில் மூன்றுள் இலேசான இரண்டனுள் அதுவும் ஒன்றாகிவிட்டது!

நிலைகள்: ஒரே விசைக்கு இரு பொருள்

புதியவர் விம்மைத் திறந்தவுடன் திகைப்பதற்குக் காரணம் அதன் நிலைகள். தொடக்கத்தில் எழுத்து விசைகள் யாவும் கட்டளைகள். டி, டபிள்யூ என இரண்டை அடுத்தடுத்து அழுத்தினால் ஒரு சொல் நீங்கும். ஐ விசையை அழுத்திய பின்னரே எழுத்துகள் எழுத்துகளாகப் பதியும். எஸ்கேப் விசை மீண்டும் கட்டளை நிலைக்குக் கொணரும்.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1970-களில் பணியாற்றிய லாரி டெஸ்லர், ஒரே விசை நிலைக்கேற்பப் பொருள் மாறுவது பயன்படுத்துவோரை இடறச் செய்யும் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டார். இன்று நாம் அன்றாடம் செய்யும் வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகியவை அவரும் அவருடைய தோழர்களும் வகுத்தவை. வி.எஸ். கோட் அவ்வழி வந்தது. ஈமாக்ஸும் நிலையற்றதே; ஆனால் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு பிறவற்றைச் சேர்த்தழுத்தும் முறையை அது பெரிதும் நம்பியிருக்கிறது. இன்றைய விசைப்பலகையில் கண்ட்ரோல் விசை மூலைக்குத் தள்ளப்பட்டுவிட்டதால், ஒரு மாதப் பயிற்சியில் என் சுண்டுவிரல் நன்றாகவே நோவெடுத்தது.

ஒரு சிறு சோதனையைக் காண்போம். நிரலில் மேற்கோள் குறிகளுக்குள் உள்ள செய்தி முழுவதையும் நீக்கி வேறொன்று எழுத வேண்டும். விம்மில் சி, ஐ, மேற்கோள் குறி என மூன்று விசைகள் போதும். கர்சர் அச்செய்தியின் எந்த எழுத்தில் நின்றாலும் சரி. ஈமாக்ஸில் மேற்கோள் தொடங்கும் இடத்திற்குச் சென்று கண்ட்ரோல், ஆல்ட், கே மூன்றையும் ஒருசேர அழுத்தினால் குறிகளோடு சேர்ந்து அது நீங்கும். வி.எஸ். கோட்டில் தேர்வை விரிக்கும் விசைச் சேர்க்கையை ஓரிரு முறை அழுத்தித் தேர்ந்தபின் எழுத வேண்டும். எனவே விம்மின் கட்டளைகளை மனப்பாடம் செய்யும் பட்டியலாகக் கருதுதல் கூடாது. நீக்கு, மாற்று, நகலெடு என்பன வினைகள். சொல், வரி, மேற்கோளுக்குள் உள்ளது என்பன செயப்படுபொருள்கள். பத்து வினையும் பத்துப் பொருளும் அறிந்தவர்க்கு நூறு கட்டளைகள் தாமே அமைகின்றன. இதை உணர எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. உணர்ந்த பிறகு நிலைகள் தடையாகத் தோன்றவில்லை.

அறுபது வரிகளை மாற்றும் கணக்கு

ஓரிடத் திருத்தத்தைவிடப் பல இடத் திருத்தமே ஒரு திருத்தியின் வலிமையைக் காட்டும். நான் எடுத்துக்கொண்டது அறுபது மாணவர் கொண்ட ஒரு பட்டியல். வரிதோறும் பதிவெண், பெயர், மதிப்பெண் என்ற வரிசையில் உள்ளதைப் பெயர், பதிவெண், மதிப்பெண் என மாற்ற வேண்டும். இதைச் செய்ய மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, செய்து காட்டுதல். விம்மில் கியூ, ஏ என அழுத்திப் பதிவைத் தொடங்கி, முதல் வரியை மாற்றி, அடுத்த வரிக்கு இறங்கி, மீண்டும் கியூவை அழுத்திப் பதிவை முடிக்கிறோம். பின் 59 என்னும் எண்ணும், அட் குறியும், ஏ விசையும் போதும். எஞ்சிய வரிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறிவிடுகின்றன. ஈமாக்ஸில் எஃப்3 பதிவைத் தொடங்கும், எஃப்4 முடிக்கும், பிறகு எஃப்4 அதையே மீளச் செய்யும். கோப்பின் இறுதி வரை தொடருமாறும் பணிக்கலாம். வி.எஸ். கோட்டில் இத்தகைய பதிவு வசதி உடன் வருவதில்லை. பிறர் எழுதிய நீட்சியை நாடவேண்டும்.

இரண்டாவது, சொல்லிச் செய்தல். ஒழுங்குத்தொடர் என்னும் குறிமொழியால் வரியின் அமைப்பை எழுதிக் காட்டி, அதன் பகுதிகளை இடம் மாற்றுமாறு ஆணையிடுவது இது. கென் தாம்சன் 1968-இல் இத்தேடலுக்கான வழிமுறையை ஆய்விதழில் வெளியிட்டார். எட் திருத்தியில் ஓர் ஒழுங்குத்தொடர் பொருந்தும் வரிகளையெல்லாம் அச்சிடும் கட்டளையின் எழுத்துகளே பின்னர் ‘கிரெப்’ என்ற கருவிக்குப் பெயராயின. இவ்வசதி மூன்று திருத்திகளிலும் உண்டு. ஆனால் குறியீடுகள் சிறிதளவு வேறுபடும். ஒன்றில் கற்றதை மற்றொன்றில் அப்படியே இட்டால் பொருந்தாது.

மூன்றாவது, ஒருங்கே செய்தல். வி.எஸ். கோட்டில் அறுபது வரிகளிலும் அறுபது கர்சர்களை நிறுத்தி, ஒரு முறை தட்டினால் அறுபது இடங்களிலும் பதியும். முடிவு கண்முன்னே விரிவதால் புதியவர்க்கு அச்சமில்லை. இதற்கு எல்லையும் உண்டு. ஆறாயிரம் வரிகளானால் திரைக்கு வெளியே என்ன நடக்கிறதென்று கண்ணால் காண இயலாது. அங்கே சொல்லிச் செய்தலே நம்பத்தக்கது.

நிரலின் பொருளறிதல்

ஒரு மாறியின் பெயரைத் தட்டத் தொடங்கியதும் மீதியைத் தானே காட்டுவது, செயற்கூற்றின் பெயர்மேல் நின்று அது வரையறுக்கப்பட்ட இடத்திற்குத் தாவுவது, கம்பைல் செய்யுமுன்பே பிழையுள்ள வரியில் அடிக்கோடு இடுவது ஆகியவற்றையே இன்றைய மாணவர்கள் முதன்மையாகக் கருதுகின்றனர். வி.எஸ். கோட் புகழ்பெற்றதும் இவற்றால்தான். எனினும் இவ்வறிவு இன்று திருத்தியினுள் இல்லை என்பதை அறிதல் நலம்.

முன்னாளில் பத்துத் திருத்திகளும் இருபது மொழிகளும் இருந்தால், ஒவ்வொரு திருத்திக்கும் ஒவ்வொரு மொழியைக் கற்பிக்க இருநூறு இணைப்புகள் எழுத வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2016-இல் மொழிச்சேவையக நெறிமுறை என்னும் பொது உடன்படிக்கையை வெளியிட்டது. மொழியறிந்த சேவையகம் ஒருபுறம், திருத்தி மறுபுறம். இரண்டும் அவ்வுடன்படிக்கைப்படி பேசிக்கொள்ளும். இருநூறு முப்பதாகக் குறைந்தது. விம்மின் கிளையாகிய நியோவிம் 2021-இலும், ஈமாக்ஸ் 2023-இலும் இந்நெறிமுறையைப் பேசும் பகுதியைத் தம்முள்ளேயே சேர்த்துக்கொண்டன. ஆகவே, பொருளறியும் திறன் ஒரு திருத்தியின் தனியுடைமை என்ற நிலை மாறிவிட்டது. வேற்றுமை, வி.எஸ். கோட்டில் இது சில சொடுக்குகளில் அமைகிறது. மற்றவற்றில் அரைநாள் உழைப்பு கேட்கிறது என்பதே.

இங்கு ஆசிரியப் பெருமக்கள் கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்று உள்ளது. 2021-இல் அறிமுகமான கிட்ஹப் கோபைலட் போன்றவை சொல்லை மட்டுமன்றி முழுச் செயற்கூற்றையே எழுதித் தருகின்றன. முதலாண்டு மாணவர் அதை ஏற்றுக்கொண்டே சென்றால் நிரல் ஓடும். அவர் கற்பது குறையும். முதற்பருவத்தில் இப்பரிந்துரைகளை நிறுத்திவைத்துப் பயில்வதும், அடிப்படை கைவந்தபின் அவற்றைத் திறப்பதுமே முறையென்று கருதுகிறேன். மூன்று திருத்திகளிலும் இவ்வாறு நிறுத்திவைக்க இயலும்.

மின்சாரம் போனால்?

விளம்பரங்களில் இடம்பெறாத, ஆனால் நம் ஆய்வகத்திற்கு இன்றியமையாத வினா இது. சேமிக்கு முன் மின்சாரம் தடைப்பட்டால் எவ்வளவு உழைப்பு வீணாகும்? விம், வழக்கமான அமைப்பில், 200 எழுத்துகள் தட்டியதும் அல்லது 4 நொடிகள் கை ஓய்ந்ததும் இடைக்காப்புக் கோப்பில் எழுதிவிடுகிறது. ஈமாக்ஸ் 300 விசைத்தட்டல்களுக்கு ஒரு முறையோ, ஏறத்தாழ 30 நொடி ஓய்வுக்குப் பின்னோ எழுதுகிறது. வி.எஸ். கோட் சேமிக்காத மாற்றங்களின் படியைத் தனியே வைத்திருந்து, மறுமுறை திறக்கும்போது தருகிறது. மூன்றும் இதில் தேர்ச்சி பெறுகின்றன.

செய்ததை மீட்பதில்தான் வேறுபாடு மிகுதி. ஐந்து மாற்றங்களைப் பின்வாங்கிவிட்டுப் புதிதாக ஓரெழுத்துத் தட்டினால், வி.எஸ். கோட்டில் அந்த ஐந்தையும் முன்னோக்கி மீட்க வழியில்லை. 2022 முதல் அது சேமித்த படிகளின் வரலாற்றைத் தனியே காட்டுவது இதற்கு ஓரளவு ஈடாகும். பழைய வி.ஐ. ஒரே ஒரு மாற்றத்தைத்தான் மீட்டது. 2006-இல் வந்த விம் ஏழாம் பதிப்போ மாற்றங்களை மரக்கிளைகளாகவே காத்துவைக்கிறது. கைவிட்ட கிளைக்கும் திரும்பலாம். ஈமாக்ஸ் பின்வாங்கியதையும் ஒரு மாற்றமாகவே எழுதிக்கொள்வதால் அங்கும் எதுவும் தொலைவதில்லை.

தமிழெழுத்தும் திருத்திகளும்

நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயினும், திரையில் காட்டும் செய்தியும் விளக்கக் குறிப்பும் தமிழில் அமையலாமன்றோ? அப்போது ஒரு நுட்பம் தலைகாட்டுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. யூனிகோடு முறையில் குறிகள் ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்தால் குறி ஒன்றுக்கு மூன்றாக, பைட்டுகள் பதினைந்து. வரிசை எண் காட்டும்போதும், ஓரெழுத்து அழிக்கும்போதும், ‘ஏதேனும் ஓரெழுத்து’ என்று தேடும்போதும் மூன்றில் எதைத் திருத்தி எண்ணுகிறது என்பதே கேள்வி. வி.எஸ். கோட்டின் ஒழுங்குத்தொடரில் மி என்னும் ஓரெழுத்தைப் பிடிக்க இரண்டு புள்ளிகள் இடவேண்டும். மேலும், ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம். கொம்பும் காலுமாகப் பிரித்தும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றே, ஆனால் சாதாரணத் தேடலில் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது.

எழுத்தைத் திரையில் வடிவமைப்பதிலும் வேற்றுமை உண்டு. வி.எஸ். கோட் உலாவியின் எழுத்துப்பொறியைப் பயன்படுத்துவதால் தமிழ் செவ்வனே தெரிகிறது. ஈமாக்ஸ் 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பு முதல் ஹார்ஃப்பஸ் என்னும் வடிவமைப்பியைக் கையாள்கிறது, அதுவும் நன்றே. முனையத்தில் ஓடும் விம்மோ அம்முனையத்தையே சார்ந்துள்ளது. எழுத்தெல்லாம் ஒரே அகலம் என்று கருதும் முனையத்தில் நம் ணௌவும் னையும் கட்டத்திற்குள் அடங்குவதில்லை. தமிழ் மிகுதியாக எழுதுவோர் இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

யாருடைய கருவி?

இறுதியாக, எத்தனை ஆண்டு அது நம்முடன் இருக்கும் என்பதையும் எண்ணவேண்டும். கிட்ஹப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஆட்டம் என்னும் திருத்தியைப் பலரும் விரும்பிக் கற்றனர். 2022 டிசம்பரில் அந்நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. கற்றவர் கைப்பழக்கத்தை வேறிடத்திற்கு மாற்ற வேண்டியதாயிற்று. விம்மும் ஈமாக்ஸும் எந்த நிறுவனத்தின் விருப்பத்தையும் சார்ந்தவை அல்ல. மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை உண்டு. வி.எஸ். கோட்டின் மூலநிரலும் திறந்ததே; ஆனால் நாம் இறக்கிக்கொள்ளும் ஆயத்தப் பதிப்பு மைக்ரோசாஃப்டின் தனி உரிமத்தின்கீழ் வருகிறது.

முடிவுரை

இவற்றைத் தொகுத்து நோக்கின், வசதிகளின் எண்ணிக்கையை வைத்துத் திருத்தியைத் தேர்வது பொருந்தாது என்பது புலனாகும். வசதிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவிவிடுகின்றன. 2016-க்குப் பின் பொருளறியும் திறனும் அவ்வாறே பரவிற்று. பரவாதது நம் கைப்பழக்கம் ஒன்றே. அதை எதில் வளர்க்கிறோமோ அதுவே பல்லாண்டு நம்முடன் வரும். ஆதலால், நாள்தோறும் நாம் மீண்டும் மீண்டும் செய்யும் வேலை எது, அதற்கு இத்திருத்தி எத்தனை தட்டல் கேட்கிறது, இடர் வந்தால் எதைக் காக்கிறது, நாளை இருக்குமா என்னும் நான்கு வினாக்களே உரைகல்.

என் பரிந்துரை இது. நினைவகம் போதுமான கணிப்பொறியில் தொடங்குவோர் வி.எஸ். கோட்டில் தொடங்கலாம். நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறியில் விம் தயக்கமின்றி ஓடும். கருவியையே தம் விருப்பப்படி வனைய விழைவோர் ஈமாக்ஸை நாடுக. எதைத் தேர்ந்தாலும் வி.ஐ.யின் ஐந்து செயல்களை, அதாவது எழுதத் தொடங்குதல், நிறுத்துதல், வரி நீக்குதல், தேடுதல், சேமித்து வெளியேறுதல் ஆகியவற்றை, ஒவ்வொருவரும் கற்க வேண்டும். வேலையில் சேர்ந்தபின் தொலைவிலுள்ள யூனிக்ஸ் வகைச் சேவையகத்தில் ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்தும் வேளையில், பெரும்பாலும் காத்திருப்பது அதுவாகவே இருக்கும். ஒரு மணி நேரப் பயிற்சி அதற்குப் போதும்.

நம் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் இன்ன திருத்தியில்தான் எழுதவேண்டும் என்று வரையறுக்காமல், பரிந்துரை வசதியை மட்டும் நிறுத்திவைத்து, மாணவர் பழகிய திருத்தியிலேயே எழுத இசைவளித்தல் வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வில் கை தடுமாறும் ஒவ்வொரு நிமிடமும் மாணவரின் சிந்தனையிலிருந்து கழிவதே. சோதிக்க வேண்டியது நிரலறிவை. அறியாத விசைகளைத் தேடும் வேகத்தை அன்று.